ஊசி நடுவில் நிற்கிறது: சப்ரகமுவ ஏற்றங்களும் எஞ்சின் சூடும்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் பாதையில் மாவனெல்லையைத் தாண்டி கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும், பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு வாகனத்தையாவது பார்க்காதவர் நம்மில் குறைவு. வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். ஒருத்தர் தண்ணிப் போத்தலோடு நிற்பார். இன்னொருத்தர், "மூடியத் தொறக்காத, தொறக்காத!" என்று கத்துவார். பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு போகிற நமக்கு அது ஒரு நிமிஷக் காட்சி. அந்த வாகனக்காரருக்கு அது ஒரு மாதச் சம்பளம். சிலவேளை பல மாத லீசிங் தவணை.

"சூடு ஏறிருச்சு" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எத்தனை பாகைக்கு ஏறினால் அது 'ஏறினது'? அதற்கு முன்னால் இருந்த சூடு எந்த அளவில் சரியானது? கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர், "ஊசி நடுவுல நின்னா நோர்மல்" என்பார்கள். எங்கள் குழுவில் கார் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற ஒருவர் இருக்கிறார். அவர்தான் இந்தக் கேள்வியை முதலில் போட்டார்: ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் கூலன்ட் எத்தனை பாகையில் இருந்தால் நோர்மல்? ஒரு இலக்கத்தைத் தேடித்தான் போனோம். அந்தத் தேடல் எங்களை நம்ம கேகாலை, இரத்தினபுரிப் பாதைகளின் வரலாற்றுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

காளைக்குப் போட்ட பாதை

கொழும்பு - கண்டிப் பாதை 1820-களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் போடப்பட்டது. அதைப் போட்ட கப்டன் டோசனின் நினைவாக 1832-ல் எழுப்பிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. கோபுரத்தில் டோசன் பெயர் இருக்கிறது. மண்ணையும் கல்லையும் சுமந்தவர்கள் இராஜகாரிய முறையில் கூலி இல்லாமல் பிடித்து வரப்பட்ட கிராமத்து மக்கள். அவர்கள் பெயருக்குக் கோபுரம் இல்லை. பிறகு கோப்பி வந்தது. கோப்பியோடு தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். கோப்பி அழிந்து தேயிலையும் இறப்பரும் வந்தன. தோட்டங்களுக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதைகளை வெட்டியதில் பெரும் பங்கு அவர்களுடையது.

அந்தக் காலத்துப் பாதை மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் போட்டது. காளை களைத்தால் நிற்கும், வண்டிக்காரரும் நிற்பார். குதிரை களைத்தால் அடுத்த தங்குமிடத்தில் வேறு குதிரை பூட்டுவார்கள். ஏற்றத்தின் சாய்வை முடிவு செய்தது விலங்கின் மூச்சு.

1867-ல் கண்டிக்கு ரயில் வந்தது. கேகாலை மாவட்டத்து றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை 45 அடிக்கு 1 அடி ஏறும் பாதை. சாலைக்கு இந்தச் சாய்வு சாதாரணம், ரயிலுக்கு மிகக் கடுமை. அதனால் பின்னாலும் ஒரு எஞ்சின் பூட்டித் தள்ளினார்கள். இன்னொரு பக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய பாதை ரயில் 1903-ல் எட்டியாந்தோட்டைக்கும், 1912-ல் இரத்தினபுரிக்கும், 1919-ல் ஓப்பநாயக்கைக்கும் போய்ச் சேர்ந்தது. தேயிலைப் பெட்டியும் இறப்பரும் அதில்தான் இறங்கின.

நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் கொதிப்பதுதான் தொழில். கொதிக்காவிட்டால் ரயில் நகராது. தண்ணீர் குறைந்தால் ஸ்டேஷனில் நிறுத்தி நிரப்பிக்கொள்வார்கள். இப்படிப்பட்ட மலைக்குத்தான் 1900-களின் ஆரம்பத்தில் பெற்றோல் கார் வந்தது. அதற்குத் தண்ணீர் வேறு ஒரு வேலைக்குத் தேவைப்பட்டது.

கொதிப்பதே நோர்மலாக இருந்த காலம்

ஒரு பெற்றோல் எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும் கணத்தில் சூடு 2,000 பாகை செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். எரித்த பெற்றோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாயால் போய்விடுகிறது. மீதிப் பங்கின் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்ளாவிட்டால் உலோகம் விரிந்து, பிஸ்டன் இறுகி, எஞ்சின் 'பிடித்துக்கொள்ளும்'.

முதல் கார்களில் இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க விட்டார்கள். கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற மூன்று சில்லுக் காரில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும், அந்த ஆவியோடு சூடும் போகும். 1888-ல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் அந்தக் காரை ஓட்டிப் போனார். வழி நெடுகத் தண்ணீர் தேடித் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. அந்தக் காரில் 'நோர்மல்' சூடு எவ்வளவு என்று யாராவது கேட்டிருந்தால் பதில் ஒன்றுதான்: 100 பாகை. கொதிநிலையேதான்.

1900-ல் வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் காரில் தேன்கூடு மாதிரியான ரேடியேட்டர் வந்தது. ஆயிரக்கணக்கான சின்னக் குழாய்கள், அவற்றின் ஊடே காற்று, சுற்றிலும் தண்ணீர். 35 குதிரைவலு எஞ்சினைக் குளிர்விக்க 9 லீற்றர் தண்ணீர் போதும் என்று ஆனது. அன்றிலிருந்துதான் கொதிப்பது பழுதின் அடையாளம் ஆயிற்று.

ஆனால் மலிவான கார்களுக்கு அந்த வசதி பாதியளவில்தான் வந்தது. 1908-ல் வந்த போர்ட் மொடல் டி, 1922-ல் வந்த ஒஸ்டின் செவன் போன்றவற்றில் தண்ணீரைத் தள்ள பம்ப் இல்லை. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், ரேடியேட்டரில் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும். அந்தச் சுழற்சிதான் எல்லாம். சமதரையில் நன்றாக வேலை செய்யும். தண்ணீர் கொஞ்சம் குறைந்து மேல் குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுழற்சியே நின்றுபோகும். மெதுவாக மலை ஏறும்போது எதிர்க்காற்றும் கிடையாது. கொஞ்சம் கொதித்தால் கொஞ்சம் தண்ணீர் போகும், தண்ணீர் போனால் சுழற்சி நிற்கும், சுழற்சி நின்றால் முழுக்கக் கொதிக்கும். ஏற்றத்தில் வாகனம் திடீரென்று 'விழுந்துபோவது' இப்படித்தான்.

ஐந்து தொன் லொறி, எழுநூறு கிலோ ஸ்போர்ட்ஸ் கார்

தோட்டத்துரைமாரின் உலகத்தில் காருக்குத் தனி இடம் இருந்தது. அவிசாவளையிலிருந்து கிதுல்கலை, கினிகத்தேனை வழியாகக் கேகாலை மாவட்டத்தைக் கடந்து ஏறும் பாதை நுவரெலியாவில் போய் முடிகிறது. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதையில்தான் 1934-ல் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி தொடங்கியது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒவ்வொன்றாக மேலே பாயும், நேரத்தைக் கணக்கெடுப்பார்கள். இன்றைக்கும் நம் நாட்டு மோட்டார் விளையாட்டின் பெரிய பெயர்களில் ஒன்று அது.

வேடிக்கை என்னவென்றால், எஞ்சின் சூட்டைப் பொறுத்தவரை அந்தப் போட்டி அவ்வளவு பெரிய சோதனை இல்லை. ஓட்டம் ஓரிரு நிமிஷங்களுக்குள் முடிந்துவிடும். தண்ணீர் கொதிநிலைக்கு வருவதற்குள் கார் மேலே போய்ச் சேர்ந்திருக்கும். உண்மையான சோதனை அதே தோட்டங்களில் கொழுந்து ஏற்றிக்கொண்டு முதலாம் கியரில் முனகிக்கொண்டு ஏறிய லொறிக்குத்தான். இதை நாமே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பாரத்தோடு 5 தொன் எடையுள்ள லொறி 300 மீற்றர் உயரம் ஏறுகிறது என்று வையுங்கள். அந்த எடையை உயர்த்த மட்டும் 1 கோடியே 47 லட்சம் யூல் சக்தி வேண்டும். சில்லுக்குப் போகிற அளவு சக்தி ஏறக்குறைய தண்ணீருக்கும் சூடாகப் போகிறது என்று மேலே பார்த்தோம். ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 2 லட்சத்து 93 ஆயிரம் யூல் போதும். ஆக, அந்த ஒரு ஏற்றத்தின் சூடு 50 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. பத்து லீற்றர் வாளியில் ஐந்து வாளி! லொறியின் ரேடியேட்டரும் எஞ்சினும் சேர்ந்து பிடிக்கும் தண்ணீர் இதில் பாதிகூட வராது. மீதிச் சூட்டை முழுக்கக் காற்றில் கொட்ட வேண்டும். காற்றோ, ஆள் நடக்கிற வேகத்தில் போகிற லொறிக்குக் கிடைக்காது.

அதே ஏற்றத்தில் 700 கிலோ ஸ்போர்ட்ஸ் கார்? அதே கணக்கில் 7 லீற்றர். அதுவும் வேகமாகப் போவதால் முகத்தில் நல்ல காற்று.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கொதிக்கிற ஒரு லீற்றர் தண்ணீர் முழுக்க ஆவியாகிப் போக 22 லட்சத்து 60 ஆயிரம் யூல் எடுத்துக்கொள்ளும். ரேடியேட்டர் ஒன்றுமே உதவாவிட்டால்கூட, நம் லொறி அந்த ஏற்றத்தில் ஆறரை லீற்றர் தண்ணீரை ஆவியாக்கிவிட்டு மேலே போய்ச் சேரலாம். பழைய லொறிகளில் கிளீனர் தண்ணிக் கேனோடும் சில்லுக்கு வைக்கிற கட்டையோடும் பின்னால் நின்றுகொண்டு போவாரே, அந்தக் கேனின் அளவு ஏன் அப்படி இருந்தது என்று இப்போது விளங்குகிறது. வழியில் எந்த ஓடையில் தண்ணி எடுக்கலாம், எந்த வளைவுக்கு முன்னால் நிறுத்திக் கட்டை போடலாம், ஆவியின் சத்தம் எப்படி மாறினால் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் கிளீனருக்குத் தெரிந்திருந்தது. அவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார். விடை மட்டும் கையில் இருந்தது.

பழைய கார்களின் படங்கள் நிறைய எஞ்சியிருக்கின்றன. அவற்றுக்குத் தண்ணி ஊற்றின கையின் பெயரைப் படத்துக்குக் கீழே காண்பது அரிது. டோசன் கோபுரத்தில் பார்த்த அதே கதைதான்.

'என்' என்கிற எழுத்து

இனி 'நடு' எப்படி வந்தது என்று பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் உலகம் முழுக்கப் போயின. இலங்கைக்கும் வந்தன. எம்ஜி, டிரையம்ப், ஒஸ்டின் ஹீலி. 1958-ல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு இருக்கை, கூரை இல்லை, தவளைக் கண் மாதிரி விளக்கு. அதன் எஞ்சின் 948 சீசி. நம்ம ஊர் டொக்டர்மாரும் வாத்தியார்மாரும் காலாகாலமாக ஓட்டிய மொரிஸ் மைனர் 1000 காரிலும் 1956-லிருந்து அதே குடும்பத்து 948 சீசி எஞ்சின்தான். ஸ்பிரைட்டுக்கு இரண்டு கார்பரேட்டர் போட்டுக் கொஞ்சம் வலுவைக் கூட்டினார்கள். ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் அதன் தண்ணீருக்குத் தனி விதி ஒன்றும் இருக்கவில்லை.

இந்தக் கார்களில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று தெர்மோஸ்டாட். தண்ணீர் 80 பாகையை ஒட்டி வரும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருக்கும் சின்னக் கதவு. எஞ்சின் குளிர்ந்தே கிடப்பதும் கெடுதல்தான். எரியும்போது உண்டாகும் நீராவி ஒயிலில் படிந்து கசடாகும், பெற்றோல் கூடச் செலவாகும், தேய்மானமும் கூடும். "நம்ம ஊர் சூடான ஊர்தானே, தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கழற்றி எறிகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. காலையில் எஞ்சின் சூடாகப் பிந்துவதுதான் அதனால் முதலில் கிடைப்பது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியால் திரும்பிவந்து, சூடு இன்னும் கூடவும் செய்யும்.

மற்றது ரேடியேட்டர் மூடி. பார்க்கச் சின்ன மூடி, ஆனால் வரலாறே அதில்தான் திரும்பியது. மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது தண்ணீரை அழுத்தத்துக்குள் பிடித்து வைக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும், வீட்டில் பிரஷர் குக்கரில் நடப்பது மாதிரி. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் சதுர அங்குலத்துக்கு 4 அல்லது 7 இறாத்தல் மூடிகள் இருந்தன. 7 இறாத்தல் மூடியில் கடல் மட்டத்தில் தண்ணீர் 111 பாகை வரை கொதிக்காது. இன்றைய கார்களில் சாதாரணமாக இருக்கும் 15 இறாத்தல் அளவில் 121 பாகை வரை தாங்கும்.

மலைநாட்டில் இது ஏன் முக்கியம்? மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு 300 மீற்றருக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை இறங்கும். மூடி இல்லாத பழைய ரேடியேட்டரில் கொழும்பில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர், கடுகண்ணாவையில் 98-ல் கொதிக்கும். இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை, பெரகலை வழியாக அப்புத்தளைக்கு ஏறினால் 95-ல் கொதிக்கும். நுவரெலியாவில் 94. ஏற ஏற எஞ்சினின் சூடு கூடுகிறது, தண்ணீர் தாங்குகிற எல்லையோ இறங்குகிறது. இரண்டும் எதிரெதிரே வந்து முட்டுகிற இடத்தில்தான் பொனட் திறக்கிறது.

இதைக் காட்டத்தான் டாஷ்போர்டில் ஒரு வட்டம். பழைய சூடுமானியில் ஈதர் நிரப்பிய குமிழ் ஒன்று எஞ்சின் தண்ணீருக்குள் இருக்கும். அங்கிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஊசி வரைக்கும் போகும். சூடு ஏறினால் ஈதரின் ஆவி அழுத்தி ஊசியைத் தள்ளும். அதில் பரனைட்டில் இலக்கங்கள் இருந்தன. 212 என்றால் கடல் மட்டத்தில் தண்ணீரின் கொதிநிலை. ஓட்டுநர் இலக்கத்தைப் பார்த்து, இடத்தை யோசித்து, தானே முடிவெடுக்க வேண்டும்.

பிறகு பல கார்களில் இலக்கங்கள் மறைந்து மூன்று ஆங்கில எழுத்துகள் வந்தன: சி, என், எச். குளிர், நோர்மல், சூடு. அந்த நடு எழுத்துதான் 'ஊசி நடுவுல நின்னா நோர்மல்' என்பதன் மூலம். ஓட்டுநர் யோசித்து எடுத்த முடிவைத் தொழிற்சாலை தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆனாலும் அந்த ஊசி உண்மையாக அசைந்தது. ஏற்றத்தில் கொஞ்சம் ஏறும், இறக்கத்தில் இறங்கும். ஓட்டுநருக்கும் ஊசிக்கும் பேச்சுவார்த்தை இருந்தது.

இன்றைக்கு வருகிற கார்கள் பலவற்றில் அந்தப் பேச்சும் நின்றுபோய்விட்டது. சென்சர் சொல்லும் சூட்டைக் கம்பியூட்டர் வாங்கி, ஏறக்குறைய 75-லிருந்து 110 பாகை வரைக்கும் ஊசியை அசையாமல் நடுவிலேயே நிறுத்தி வைக்கும். ஓட்டுகிறவர் வீணாகப் பயப்படக் கூடாதாம். மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி ஆசையாக வாங்குகிற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே கதை. ஊசி நடுவை விட்டு எழும்பும் நேரத்தில் கூலன்ட் ஏற்கனவே ஆபத்தை நெருங்கியிருக்கும். சில கார்களில் ஊசியே இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்.

இரண்டு பஞ்சங்கள்

1970-களின் ஆரம்பத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புதுக் கார் இல்லை, உதிரிப்பாகமும் அரிது. அதே பத்தாண்டில்தான் தோட்டங்கள் தேசியமயமாகின, அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி, ஓப்பநாயக்கை ரயிலும் நின்றது. ரயில் சுமந்த பாரமும் பாதைக்கு வந்தது. 1977-க்குப் பிறகு இறக்குமதி திறக்கும் வரை இருக்கிற வாகனத்தைச் சாக விடாமல் ஓட்டுவதே மெக்கானிக்கின் கலையாக இருந்தது.

2020 மார்ச்சில் மறுபடியும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடையில் 2022-ன் நெருக்கடி. பத்துப் பதினைந்து வருஷம் ஓடின கார்கள் தங்க விலைக்குப் போயின. தோட்டத்திலிருந்து வெளியே வந்து லொறியும் வேனும் வாடகைக் காரும் ஓட்டிப் பிழைக்கிற நம்ம பிள்ளைகள் அந்த விலைக்குத்தான் லீசிங் எடுத்தார்கள். தண்ணீர் இல்லாமல் காற்றால் குளிரும் ஓட்டோவில் தொடங்கி, தண்ணீரால் குளிரும் காருக்கு முதல் தடவையாக மாறியவர்கள் பலர். ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கட் போகும். அந்த பில்லைக் கட்ட முடியாமல் வாகனத்தையே விட்டவர்கள் உண்டு.

கூலன்ட் விலை கூடியபோது பலர் குழாய்த் தண்ணியை ஊற்றினார்கள். "குளிர் நாட்டுக்காரன் தண்ணி உறையாம இருக்க ஊத்துறது, நமக்கு எதுக்கு?" என்று கேட்பார்கள். பாதி சரியான கேள்வி. உண்மையில் சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர், கூலன்ட் கலவையைவிடக் கெட்டிக்காரன். அதனால்தான் பந்தயக் கார்களில் துருத்தடுப்பு சேர்த்த தண்ணீரையே பாவிப்பதுண்டு. ஆனால் கூலன்டில் உள்ள கிளைக்கோல் கொதிநிலையைக் கூட்டுகிறது. சரிபாதிக் கலவை, 15 இறாத்தல் மூடியோடு 129 பாகை வரை கொதிக்காது. அதில் சேர்த்திருக்கும் மருந்து அலுமினியம் அரிக்காமல் காக்கிறது. கிணற்றுத் தண்ணியிலும் ஓடைத் தண்ணியிலும் உள்ள உப்பு, கேத்தலுக்குள் படிகிற மாதிரி, ரேடியேட்டரின் சின்னக் குழாய்களில் படிந்து அடைக்கும். அவசரத்துக்கு ஓடைத் தண்ணி உயிர் காக்கும். அதையே வழக்கமாக்கினால் எஞ்சினைத் தின்னும்.

அப்படியென்றால் எது நோர்மல்?

இலக்கம் கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. இன்றைய பெரும்பாலான கார்களில், ஸ்போர்ட்ஸ் கார் உட்பட, தெர்மோஸ்டாட் 82-லிருந்து 90 பாகைக்குள் திறக்கத் தொடங்கும். சமதரை ஓட்டத்தில் 85-லிருந்து 95. நெரிசலில் நிற்கும்போதும் நீண்ட ஏற்றத்திலும் 100, 105 வரை போய், மின்விசிறி சுழன்று, திரும்ப இறங்குவது நோர்மல். அங்கே முக்கியம் 'திரும்ப இறங்குவது'தான். 110-ஐத் தாண்டி இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் ஏசியை நிறுத்தி, பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். உங்கள் காருக்கான சரியான எல்லை அதன் கைநூலில் இருக்கும். ஓபிடி துளையில் மாட்டும் சின்னக் கருவி ஒன்று இருந்தால், கம்பியூட்டர் ஊசிக்குப் பின்னால் மறைக்கிற உண்மையான இலக்கத்தைப் போனிலேயே பார்க்கலாம்.

நீண்ட ஏற்றம் ஏறி முடிந்ததும் எஞ்சினை உடனே அணைக்காதீர்கள். அணைத்ததும் பம்ப் நிற்கும், உலோகத்திலுள்ள சூடு நகராத தண்ணீருக்குள் இறங்கும், அப்போதுதான் சூடு இன்னும் ஏறும். எச்சரிக்கை விளக்கு எதுவும் இல்லாவிட்டால் ஓரிரு நிமிஷம் ஓட விடுங்கள். மூடி விஷயத்தில் அந்த பஸ் ஜன்னல் காட்சியில் கத்தினவர் சொன்னதுதான் வேதம்: சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள். உள்ளே 110 பாகையில் கொதிக்காமல் அழுத்தத்துக்குள் இருக்கிற தண்ணீர், மூடி திறந்த கணமே பீறிட்டுக் கொதித்து முகத்துக்கு வரும்.

இதெல்லாம் கார் ஆசைக்காரர்களின் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். அம்புலன்ஸ் போக முடியாத தோட்டங்களில் பிரசவ வலி வந்த தாயையும், தவறி விழுந்த தொழிலாளியையும் கொழுந்து லொறியிலேயே ஏற்றிக் கொண்டுபோனது நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகிற கதை. மழை இருட்டில், உடைந்த தோட்டப் பாதையில், லயத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும். அந்த லொறி ஏற்றத்தில் கொதித்து நின்றால் என்ன ஆகும் என்பது ஓட்டினவருக்கும் கிளீனருக்கும் தெரியும். அவர்களுக்கு நோர்மல் என்பது, உள்ளே படுத்திருக்கிறவர் போய்ச் சேரும் வரை இந்தத் தண்ணி தாங்குமா என்கிற கேள்வி. சி, என், எச் எழுத்துகளில் அதற்கு இடமில்லை.

எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும் காவத்தையிலும் அப்படி லொறி ஓட்டினவர்கள், கிளீனராகப் போனவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்த வளைவில் நிறுத்தினீங்க, எந்தப் பீலியில தண்ணி புடிச்சீங்க, கொதிக்கப் போகுதுன்னு எப்படித் தெரியும் என்று அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்து வையுங்கள். நாங்களும் தொடங்கியிருக்கிறோம். கடுகண்ணாவையில் டோசனுக்குக் கோபுரமும் இருக்கிறது, ரயிலுக்கு ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. தண்ணிக் கேனுக்கு இன்னும் ஒன்றும் இல்லை.